நவம்பர் ஒன்பதாம் தேதித் தாள்

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பக்கத்துத் தெருவில் யாருக்காவது சாமி வந்து ஆடினால்கூட, வேலை கெடுகிறதே என்று திரும்பி வந்துவிடுகிற ஆள் நான். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சம், படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, இல்லாததைச் சேர்த்துச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஆரணியில் நான் பட்டு நெய்கிற கூடத்தில் நாலு குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதியை அழுத்தினால் நூலெல்லாம் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும், அதற்குள் குறுக்கு நூல் வைத்த நாடாவை ஓட்ட வேண்டும், காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். எனக்கு எதிர்த்தறி ஏகாம்பரம் அண்ணனுடையது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் உலக விஷயம் அத்தனையும் பேசுவார். அதற்குக் காரணம் நான்தான்.

கூடத்துச் சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் இருக்கும். காலை ஐந்தரைக்கு வந்ததும் தாளைக் கிழிப்பது என் வேலை. ராகு காலம், ராசிபலன் எல்லாவற்றுக்கும் கீழே, இதே தேதியில் முன்பு உலகத்தில் என்ன நடந்தது என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள். அதை அவருக்கு நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மிதியை அழுத்தியபடியே, நாடாவை ஓட்டாமல் கேட்பார். படித்து முடித்ததும் ஒரு கேள்வி வரும்.

நிலாவில் மனிதன் கால் வைத்த நாளன்று, "அங்கேர்ந்து பார்த்தா நம்ம பூமி எவ்ளோ பெருசா தெரிஞ்சிதாம்?" என்றார்.

"அது போடலண்ணா."

"இன்னா காலண்டர் போடறானுங்க, கேக்க வேண்டியதை உட்டுட்டு."

நவம்பர் ஒன்பதாம் தேதி பெர்லின் என்ற ஊரில் சுவரைத் திறந்துவிட்ட நாள். "ஒரே ஊரு நடுவுலயா சுவரு? பங்காளிச் சண்டையா?" என்று கேட்டு இரண்டு நாள் அதையே பேசினார்.

வருஷா வருஷம் அதே தேதிக்கு அதே வரிதான் வரும். அதனால் அவருக்குத் தேதியே இவைதான். மகள் பிறந்தது நிலா நாள். அவள் கல்யாணம் கப்பல் மூழ்கின நாள், அதைச் சம்பந்தி வீட்டிலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வெளியூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி, நவம்பர் ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்குள் வெறும் வயிற்றோடு வந்து சேர வேண்டும் என்று சீட்டு கொடுத்தார்கள். சீட்டை என்னிடம்தான் நீட்டினார். "சுவரு நாளுண்ணா" என்றேன்.

"அப்ப சரி. நீ படிக்கிற அன்னிக்குத் தறியை அப்படியே உட்டுட்டு ஜல்தியா பஸ் ஏறிடறேன்" என்றார். அவர் மனைவி சரசு அண்ணிக்கும் படிப்பு கிடையாது. "தம்பி சொல்லிடும்" என்று அவரும் இருந்துவிட்டார்.

நவம்பர் நாலாம் தேதி புடவை வாங்கும் வியாபாரி இரண்டு ஆட்களோடு கூடத்துக்கு வந்தார். அண்ணன் பேச்சு மும்முரத்தில் என்னைக் காட்டி, "எங்க வாத்தியாரு இவருதான். ஆறாவது சேர்ந்த அன்னிக்கு டீச்சர் பேரைக் கேட்டாங்களாம், சொல்ல வெக்கப்பட்டுகினு வூட்டுக்கு ஓடியாந்துட்டாரு, அதோட சரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வியாபாரி, "இப்பவாவது பேரு சொல்லுவியாப்பா?" என்றார். அது நான் அண்ணனிடம் மட்டும் சொன்ன விஷயம். என் மனைவிக்கே தெரியாது.

மறுநாள் தாளைக் கிழித்தேன், படிக்கவில்லை. "இன்னிக்கு இன்னா தம்பி?" என்று கேட்டார், காது கேளாதவன் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். "அட, விளையாட்டுக்குச் சொன்னதுப்பா, கோவிச்சிக்கினியா?" என்றார். அதற்கும் பேசவில்லை. மூன்று நாள் கேட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பதை விட்டுவிட்டார்.

ஒன்பதாம் தேதி கிழித்த தாளில் சுவர் இருந்தது. எனக்கு மறந்துவிட்டது என்று எழுதிவிடலாம், ஆனால் மறக்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்கட்டும், சொல்லிவிடுகிறேன் என்று நின்றேன். அவர் மிதியை அழுத்தியபடி என் பக்கம் பார்த்தார். கேட்கவில்லை. நான் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குழியில் இறங்கினேன். ஆறு மணி பஸ் போனது, ஏழு மணி பஸ்ஸும் போனது. பதினொன்று வாக்கில் எழுந்து போனார், சாப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வேலைக்கு வரவில்லை. வீட்டில் படுத்திருக்கிறார் என்றார்கள். எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது என்று போகவில்லை. எட்டாம் நாள் இறந்துவிட்டார். சாவில் ஓரமாக நின்றேன். ஆஸ்பத்திரிக்குக் குறித்த நேரம் தவறிவிட்டது, அடுத்த மாசம் வரச் சொன்னார்கள் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒரு வருஷம் தாளைப் பார்க்காமலே கிழித்தேன். சரசு அண்ணி வழியில் பார்த்தால் நின்று, "சாப்ட்டீங்களா தம்பி?" என்பார். அந்த அன்பு தாங்காமல் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போவேன்.

போன நவம்பர் ஒன்பதாம் தேதி நான்தான் முதலில் வந்தேன். விடிய விடிய மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. அண்ணன் தறிக்கு முதலாளி இன்னும் ஆள் போடவில்லை, பாதியில் நின்ற பாவு நூல் அப்படியே தூசி படிந்து கிடந்தது. தாளைக் கிழித்தேன். என்னவோ அன்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தேன், வாய்விட்டுப் படித்தேன்.

எதிரில் மிதி இறங்குகிற சத்தம் கேட்டது.

எலி என்று நினைத்தேன். எலியாக இருந்தால் நூல் அசைந்துவிட்டு அடங்கியிருக்கும். இது பிரிந்து, முழுசாக வாய் திறந்து, அப்படியே நின்றது. குழிக்குள் குனிந்து பார்த்தேன், யாரும் இல்லை. மிதி தரையோடு அழுந்தியிருந்தது. பயந்து ஓடியிருக்க வேண்டும், ஆனால் எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஜென்மத்தில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "சுவரு நாளு வந்துடுச்சிண்ணா. இன்னிக்குத்தாண்ணா உன் நாளு. துணி மாத்திகினு நிக்காத, அப்படியே கிளம்பு" என்று கத்தினேன். மிதி மெதுவாக மேலே வந்தது. நூல் மூடிக்கொண்டது.

வேலை ஓடவில்லை. அன்று சாயங்காலமே அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணி, போன வருஷம் இதே நாளு..." என்று ஆரம்பிப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"தெரியும் தம்பி, அதான் நானும் நெனச்சிகினு இருந்தேன். அன்னிக்குப் பதினோரு மணிக்கு ஓடியாந்தாரு. தம்பி என்கூடப் பேசிட்டான்டின்னு அவ்ளோ சந்தோசம். லுங்கியோட எங்க போறீங்க, வேட்டி கட்டுங்கன்னேன். துணி மாத்திகினு நிக்காத, அப்படியே கிளம்புன்னு சொல்லிட்டான், பாவம் அழுதுகினே சொன்னான்னாரு. பஸ் புடிச்சுப் போய்ச் சேர ஒரு மணிக்கு மேல ஆயிடுச்சு."

பூவைக் கீழே வைத்தார்.

"நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன், தப்பா எடுத்துக்காதீங்க. தினம் காலையில படிக்கிறவரு, அன்னிக்கு மட்டும் ஏன் தம்பி அவ்ளோ லேட்டா படிச்சீங்க?"

நான் வந்த வழியே திரும்பி நடந்தேன். அன்று காலை நான் அழுது கத்தியதை யாரிடமும் சொல்லவில்லை, கூடத்தில் வேறு யாரும் இல்லை. அது எப்படி அவரிடம் போனது, எப்படி ஒரு வருஷம் பின்னால் போனது என்றெல்லாம் யோசிக்க எனக்குப் படிப்பு போதாது. எனக்கு இருப்பது ஒரு கணக்குதான். ஒரு வருஷம் கழித்துச் சொன்னது பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் செத்த மறுநாளே அந்தக் காலித் தறியின் எதிரில் நின்று சொல்லியிருந்தால், ஆறு மணி பஸ்ஸுக்கே அவர் காதில் விழுந்திருக்குமோ என்னவோ.