முன் அறையின் லைட் பில்

ஜலஜாவுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. கல்யாணமாகி மாயவரத்திலிருந்து தில்லிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் வெளி மனிதர் முன்னால் அவளுக்கு வாய் எழும்பாது. கண் மட்டும் சும்மா இருக்காது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் பால் ஒரு பாட்டில் குறைந்தது, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்து போகாமல் இருக்கிறார், எல்லாம் தெரிந்து வைத்திருப்பாள். தன் வீட்டு முன் அறையைத்தான் கோட்டை விட்டுவிட்டாள்.

முன் அறையில் வெங்கடராமன் குடியிருந்தான். ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்ட். சர்க்கார் கொடுத்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடக்கூடாது. தெரிந்தால் வீடு பறிபோகும், அபராத வாடகையும் விழும். ஆனாலும் அந்த வரிசையில் பாதிப் பேர் விட்டிருந்தார்கள். யாராவது கேட்டால் அத்தை பிள்ளை என்றார்கள். கிளார்க் சம்பளம் போதாமல் ஜலஜாவின் கணவர் சேஷனும் விட்டார். வாடகை கொஞ்சம், அதற்கு மேல் வீட்டு லைட் பில் மொத்தமும் வெங்கடராமன் கட்டுவது என்று வாய்ப்பேச்சு. பில் வந்தால் வாசலிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான்.

"ஆபீஸ் போற வழிதானே மாமி, கட்டிடறேன்" என்பான்.

ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை அவன் இல்லாத நேரத்தில் மின்சார ஆபீஸ் ஆள் வந்து, சிவப்பு முத்திரை குத்திய நோட்டீஸை ஜலஜா கையில் கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலம் சேஷன் அதைப் படித்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். போன கோடையிலிருந்து ஒரு பில்கூடக் கட்டவில்லை. பாக்கியும் அபராதமும் சேர்த்து அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் கரண்டை வெட்டிவிட்டு, சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லி, குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற எஸ்டேட் ஆபீஸுக்கு எழுதுவார்களாம்.

"ஏன்னா, எழுதினா என்ன ஆகும்?" என்றாள் ஜலஜா.

"வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவான். முன் ரூம்ல இவன் உக்காந்துண்டிருப்பான். ஆத்தைக் காலி பண்ணிண்டு எங்கே போறது, சொல்லு."

வெங்கடராமன் வந்ததும் சேஷன் கேட்டார், அதுவும் கெஞ்சுகிற குரலில்.

"கட்டணும்னுதான் மாமா இருந்தேன். இந்த மிஷின் செகண்ட் ஹாண்ட்ல சல்லிசா வந்தது, அதுல போட்டுட்டேன்" என்று மேஜைமேல் இருந்த டைப்ரைட்டரைக் காட்டினான். தினமும் ஆபீஸ் விட்டு வந்து அதில்தான் யார் யாருடைய தீசிஸையோ அடித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தான். குளிர்காலம் முழுக்கக் காலடியில் ஹீட்டர் வேறு.

"பில் கட்டற பணமாச்சே அது, வெங்கட்டு."

"பில் உங்க பேர்லன்னா வரது, மாமா. நான் இங்க இருக்கேன்னு ஒரு காகிதம் உண்டா?" சொல்லிவிட்டுச் சிரித்தான். "யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் முடியாதே."

சேஷன் உள்ளே வந்தார். பிறகு ஜலஜாவிடம், "நாளைக்குக் கரண்ட் ஆபீஸுக்கு நீ போயிட்டு வாயேன். பொம்மனாட்டி போனா கொஞ்சம் தவணை கொடுப்பான்" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகைக்கு விட்டது இவர், பணத்தைத் தின்றது அவன், வெயிலில் போய் நிற்பது மட்டும் நானா என்று நினைத்தாள். ஆனாலும் போனாள்.

மின்சார ஆபீஸ் குமாஸ்தா பழைய பில்களைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார். "பஹன்ஜி, ரெண்டு பேர் இருக்கற வீட்டுல எப்படி இவ்வளவு கரண்ட்? வேற யாராவது இருக்காங்களா? இருந்தா எழுதிக் குடுங்க. அவங்ககிட்டேயும் கேட்கலாம்."

"யாரும் இல்லே, பாயி சாப். எங்ககிட்டே ஹீட்டர் இருக்கு" என்றாள் ஜலஜா. அவள் வாழ்நாளில் ஹீட்டரைத் தொட்டதில்லை.

"அச்சா. அப்ப முழுசாக் கட்டுங்க. தவணை எல்லாம் போன வருஷமே கேட்டிருக்கணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பொய் நாக்கிலேயே கசந்துகொண்டிருந்தது. அவனுடைய ஹீட்டரைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டியதாயிற்றே. வாயைத் திறந்தால் வீடு போகும். இவனைக் கேட்க ஒரு கோர்ட்டும் கிடையாது, ஒரு ஆபீஸும் கிடையாது. பஸ் மார்க்கெட்டைத் தாண்டும்போதுதான் அதன் மறுபக்கம் அவளுக்கு உறைத்தது. அவனுக்கும்தான் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் இருந்த மீட்டர் பலகைக்குக் கீழே ஸ்டூலைப் போட்டாள். பில் கட்டாத பக்கத்து வீட்டில் லைன்மேன் வந்து ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனதை அவள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். மெயினை அணைத்தாள். முன் அறைக்கென்று இருந்த பீங்கான் கட்டையைப் பிடுங்கினாள். திரும்ப மெயினைப் போட்டாள். கட்டை அரிசி டின்னுக்குள் போயிற்று.

இருட்டுகிற நேரத்தில் வெங்கடராமன் வந்தான்.

"மாமி, என் ரூம்ல கரண்ட் இல்லே."

"அப்படியா? ஆபீஸ்ல போய்க் கம்ப்ளெயின்ட் குடுங்கோ."

"உங்க ஃபேன் ஓடறதே."

"எங்க பேர்லன்னா பில்லு வரது. அதான் ஓடறது."

அவன் சேஷனைப் பார்த்தான். சேஷனுக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை ஒரு தீசிஸ் குடுத்தாகணும் மாமி. கண்ணு தெரியாம எப்படி அடிக்கறது?"

ஜலஜா ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். அவன் மெழுகுவர்த்தி வாங்கி வந்தான். புழுக்கம் தாளாமல் ஜன்னலைத் திறந்தான். லூ என்கிற தில்லி அனல்காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது. மூடினான், வியர்வை காகிதத்தில் சொட்டியது. டைப்ரைட்டர் சத்தம் சீக்கிரமே நின்றது. ஜலஜா அதையெல்லாம் கதவிடுக்கில் பார்த்தாள். பாவமாக இருந்தது. அப்படிப் பாவமாக இருந்ததும் அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் எங்கெங்கோ கடன் வாங்கிக்கொண்டு வந்து, முழுப் பணத்தையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான்.

"இந்த ரூமையே காலி பண்ணிடலாமான்னு பார்க்கறேன், மாமி." வேண்டாம் என்பாள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டண்டை சாமான் ஏத்தற தேலா வண்டிக்காரன் நிப்பான். காலம்பறயே போனா சல்லிசா வருவான்" என்றாள்.

சேஷனுக்கு மனசு கேட்கவில்லை. "பணம்தான் வந்தாச்சே ஜலஜா. கட்டையைப் போட்டுடேன், பாவம்."

"நாளைக்குக் கவுண்டர்ல கட்டி முத்திரை விழட்டும். அப்புறம் போடறேன்."

பணத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு அவள் ராத்திரி படுக்கக் கட்டிலை வாசல் புல்தரைக்கு இழுத்தாள். முன் அறையில் வெங்கடராமன் மறுபடி தீக்குச்சி கிழித்தான்.