சகலை போட்ட கடல் தொட்டி

என் சகலையை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு ஒரே காரணம், அவனுக்குத் தொழில் நன்றாகத் தெரியும் என்பதுதான். நானும் பிளம்பர், அவனும் பிளம்பர். நான் திருக்கோகர்ணத்திலேயே கிடந்து துருப்பிடித்த குழாய்களோடு மல்லுக்கட்டினேன். அவன் துபாயில் ஒரு ஹோட்டலின் மீன் தொட்டிகளுக்கு பைப் போட்டுவிட்டு வந்தான். அவன் வந்த நாளிலிருந்து மாமனார் வீட்டில் குழாய் சொட்டினால்கூட அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டுக்கு மோட்டார் மாட்டியவன் நான்.

அரிமளம் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. சொந்தக்காரர் சென்னையில் தொழில் செய்பவர். சாவி என்னிடம்தான் இருக்கும். எந்த வால்வு எந்தக் குளியலறைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர் மனைவியோடு ஊருக்கே திரும்பி வருவதென்று முடிவு செய்து, கூடத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு கடல் மீன் தொட்டி வேண்டும் என்றார். அதைக் கசிவில்லாமல் முடிப்பவருக்கே வீடு முழுக்கப் புது பைப்லைன் போடும் வேலையும் என்றார். அது நான் பார்த்துக்கொள்ளும் வீடு, எனக்குத்தான் வேலை என்று நம்பியிருந்தேன். “உப்புத்தண்ணி வேலை தெரிஞ்ச ஆள் இருக்காங்களா?” என்று அவர் போனில் கேட்டபோது, பக்கத்தில் இருந்த என் மனைவி, “எங்க தங்கச்சி வீட்டுக்காரரு இருக்காருல்ல” என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அவன் வந்தான். நான் கூடமாட நின்றேன்.

அவன் வேலையைப் பார்க்கவே வயிறு எரிந்தது. குறை சொல்ல இடமில்லை. பசை தடவாமலே எல்லா பைப்பையும் ஒருமுறை பொருத்திப் பார்த்தான். ஒவ்வொரு மூட்டிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டான். பிறகு கழற்றி, பசை தடவி, கோட்டுக்குக் கோடு சேரும்படி சொருகி, பசை இறுகும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பித்தளை வால்வை எடுத்து நீட்டினேன். “வேணாண்ணே, உப்புத்தண்ணி பித்தளையத் தின்னுரும். மீனுக்கும் ஆகாது” என்றான். மரையில் சுற்றச் சணல் எடுத்தேன். அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினான். எல்லாவற்றையும் மரியாதையாகவே சொன்னான், அதுதான் தாங்கவில்லை.

தொட்டியின் அடிக்கண்ணாடியில் தண்ணீர் இறங்குவதற்கு ஓட்டைகள் இருந்தன. அவற்றில் ரப்பர் வாசர் வைத்து, பைப்பை இணைக்கும் குட்டிக் குழாயான நிப்பிளை மாட்ட வேண்டும். அதற்குள், முதலாளியோடு சென்னையிலிருந்து வந்திருந்த அவர் மனைவி சந்தனம், குங்குமத்தோடு வந்தார். நாங்கள் அவரை ஆச்சி என்போம். மிக்ஸி வந்தாலும் மோட்டார் வந்தாலும் பொட்டு வைக்காமல் அந்த வீட்டில் எதுவும் ஓடாது. தொட்டிக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் வைத்துவிட்டார். சகலை கும்பிட்டான். அவர் உள்ளே போனதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டினான்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடல் தண்ணீர் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். முதலில் நல்ல தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும். மூட்டுகளுக்குக் கீழே பழைய பேப்பரை விரித்தான். நான் சாப்பிடக்கூடப் போகவில்லை. குனிந்து உட்கார்ந்து, ஒரே ஒரு சொட்டு விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில்கூட நான் அப்படி உருகி வேண்டியதில்லை.

விழுந்தது. பேப்பரில் ஒரு பொட்டளவு ஈரம்.

“கசியுதுங்க” என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. முதலாளி வந்தார், ஆச்சி வந்தார். பாயசம் குடித்த மாதிரி இருந்தது எனக்கு.

சகலை பதறவில்லை. தண்ணீரை இறக்கி, அந்த நிப்பிளைக் கழற்றினான். வாசருக்கு அடியில் காய்ந்த சந்தனத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஆச்சியின் முகம் சுருங்கிவிட்டது. “நான் வச்ச பொட்டாப்பா?”

“இல்லீங்க ஆச்சி, நாந்தான் சரியாத் தொடைக்கல” என்றான். பிறகு என்னிடம், “நல்லவேளை பாத்தீங்கண்ணே. உப்புத்தண்ணி விட்டப்பறம்னா பெரிய வேலையாயிருக்கும்” என்றான். மனதாரத்தான் சொன்னான். இவனை நான் என்ன செய்வது?

துடைத்து மறுபடி மாட்டினான். மறுநாள் காலையில் பேப்பர் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. வீட்டு பைப்லைன் வேலை அவனுக்கே போயிற்று. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்புட்டுச் சின்னக் கசிவ நீங்கதான கண்டுபிடிச்சீங்க. மாசாமாசம் வந்து இந்தத் தொட்டிய ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க” என்றார்.

போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மண்டிபோட்டு, ஒவ்வொரு மூட்டின் அடியிலும் விரலை ஓட்டிப் பார்க்கிறேன். “எப்படி இருக்குங்க?” என்று ஆச்சி கேட்பார். காய்ந்த விரலைப் பார்த்துக்கொண்டே, “அருமையாப் போட்டிருக்கான் ஆச்சி” என்று மாதம் தவறாமல் என் வாயாலேயே சொல்லிவிட்டு வருகிறேன்.