சிந்தாமணியின் பத்து, இருபது, முப்பது

"எங்கடா போய்த் தொலைஞ்ச? டேய் பத்து, உன்னத்தான் கேக்குறேன்!" காலையில் செருப்பைக் கழற்றியதுமே சிந்தாமணி திட்டத் தொடங்கிவிடுவாள். எதிரே ஆள் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில், துடைப்பக்கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கருப்புக் கம்ப்யூட்டர் பெட்டி, அவ்வளவுதான். கூந்தலைச் சுருட்டிப் பேனாவைச் செருகிக்கொள்வாள். விரல்களை நெட்டி முறிப்பாள். திரையில் மூன்று வரிகள் பச்சையாக வந்த பிறகு, "ம், இருக்கீங்களா? சரி" என்பாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு டீ இறங்கும்.

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. நான் அங்கே மருந்துக் கவுன்ட்டரில் இருக்கிறேன். வரதராஜன்பேட்டைக்காரியான சிந்தாமணி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவள். ஸ்கேன் எடுப்பது ரோட்டுக்கு இந்தப் பக்கம். டாக்டர்கள் உட்காருவது அந்தப் பக்கம், புதுக் கட்டடத்தில். நடுவில் ஒரே ஒரு கேபிள். வரவேற்பறையில் ஆளுயர மீன்தொட்டி வைக்க மனசு வந்த புண்ணியவான்களுக்கு இன்னொரு கேபிள் இழுக்க மனசு வரவில்லை. ஸ்கேன் படம், பில், காத்திருப்போர் வீடியோ பார்க்கிற இலவச வைஃபை, எல்லாம் அந்த ஒன்றிலேயே முட்டிக்கொண்டு போயின. படம் வருவதற்குள் நோயாளி பாதி உயிராகிவிடுவார்.

"ஆலத்தியூர் ரோட்டப் பாத்திருக்கீங்கல்லண்ணே? சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால ஆம்புலன்ஸ் நின்னா எப்புடி? அதான் ஒரே ரோட்டுல கோடு போட்டுப் பிரிச்சு வுட்டுட்டேன்" என்றாள். அந்தப் பெட்டியில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, கேபிளில் போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணை டேக்காக ஒட்டினாள். ஸ்கேனுக்குப் பத்து, பில்லுக்கு இருபது, வைஃபைக்கு முப்பது. ஒன்றின் பாதையில் இன்னொன்று குறுக்கே வராது.

மேனேஜர் அறிவரசனுக்கு அது பிடிக்கவில்லை. முதலாளியின் மச்சான் என்பதுதான் அவருடைய படிப்பு, பட்டம் எல்லாம். "சும்மா கெடைக்கிற சாமானை வச்சா ஆஸ்பத்திரிய ஓட்டுற?" என்று கேட்டார்.

"சும்மா கெடைச்சா என்னங்க சார்? ஊரு ஒலகமே சேந்து எழுதுனது. ஒளிவு மறைவு இல்ல, யாரு வேணும்னாலும் தொறந்து பாத்துக்கலாம்" என்றாள். அவர் திறந்தும் பார்க்கவில்லை, வாயை மூடவும் இல்லை.

சிந்தாமணி மட்டும் தப்பே செய்யாதவள் என்று நான் சொல்லவில்லை. அவள் தட்டிய கட்டளைகள் பெட்டி ஓடும்வரைதான் நிற்கும், அணைத்தால் போய்விடும். நிலையாக நிற்க அவற்றை ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். முதலில் ஓடட்டும், அப்புறம் எழுதி, ஒருதரம் அணைத்துப் போட்டுச் சரிபார்ப்போம் என்றிருந்தாள். அதற்கு அரை மணி நேரம் கேட்டாள். "ஆஸ்பத்திரிய நிறுத்தச் சொல்றியா?" என்று அறிவரசன் எகிறினார். எழுதுவதும் அப்படியே தள்ளிப்போயிற்று.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. "இந்தப் பொட்டிய மட்டும் அணைச்சுராதீங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். அரை மணி நேரம் தர மறுத்த அதே மனிதர், அன்றைக்கு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து மறுபடி போட்டார். சாயங்காலம் மாயவன் என்ற லாரி கிளீனரை மண்டையில் அடியோடு தூக்கி வந்தார்கள். இந்தப் பக்கம் ஸ்கேன் எடுத்தாயிற்று. அந்தப் பக்கம் டாக்டரின் திரை வெறுமையாக இருந்தது. வாசலில் மாயவன் பெண்டாட்டி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் சிந்தாமணிக்குப் போன் போட்டேன்.

"பொட்டிய அணைச்சாங்களாண்ணே?"

"அணைச்சு, தொடச்சு, பொட்டும் வச்சிருக்காங்கம்மா."

என்னைப் படிக்கட்டடிக்குப் போகச் சொன்னாள். பிறகு, "உக்காருங்கண்ணே. நான் சொல்லச் சொல்லத் தட்டுங்க" என்றாள். மாத்திரை அட்டை கிழித்துப் பழகிய விரல் என்னுடையது; தப்புத் தப்பாய்த் தட்டினேன். இப்போது பெட்டியை அந்தத் திட்டு திட்டுகிறவள், அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் போய்ச் சேர்ந்தது. மாயவன் பிழைத்தார்.

மறுநாள் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து அறிவரசன் கத்தினார்: "ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

"எழுதி வைக்காதது என் தப்புதான் சார். ஆனா அணைச்சது?"

"பூஜைக்கு அணைக்காம? மன்னிப்புக் கேளு. இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா வூட்டுக்குப் போயிரலாம்."

கேட்டாள். அணைத்தது அவர், மன்னிப்புக் கேட்டது இவள். இது எந்த ஊர் நியாயம்? அன்றைக்கே கோப்பில் எழுதிவிட்டாள். அணைத்துப் பார்க்க மறுபடி அரை மணி கேட்டாள். "ஓடுதுல்ல? ஓடட்டும்" என்றார் மகராசன். அன்று தொடங்கியதுதான் இந்தக் காலைநேரத் திட்டு.

இந்த வருஷப் பூஜைக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வந்த அறிவரசன், படிக்கட்டடியைக் கண்டதும் ஒதுங்கினார். "அது கெடக்கட்டும்மா."

"ஒண்ண மட்டும் வுட்டா சாமி குத்தமாயிரும் சார்" என்றாள் சிந்தாமணி. ஸ்கேன் அறையில் யாரும் இல்லையென்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எல்லோர் முன்னிலும் பொத்தானை அமுக்கினாள். பெட்டி அடங்கியது. அறிவரசன் முகத்தில் ஈயாடவில்லை. ஈரத்துணியால் நிதானமாகத் துடைத்தாள். மறுபடி அமுக்கினாள். திட்டவில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

பத்து வந்தது. இருபது வந்தது. முப்பதும் வந்தது.

அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, சந்தனத்தைத் தொட்டு, அந்தப் பொத்தானின் மேலேயே, அமுங்காதபடி, ஒரு பொட்டு வைத்தாள்.