புகழேந்தி பொருத்திய விளக்குகள்

புகழேந்தி முதல்முறை காருக்குக் கூடுதல் விளக்கு வாங்கப் போனதற்கு ஓர் எருமைதான் காரணம்.

சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடிசைப் பகுதியில் பிறந்து, நாற்பத்தைந்து வயது வரை அங்கேயே இருந்தவர் அவர். பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம் அந்தத் தெருவையே காலி செய்து, பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். வீடுதான் அங்கே போனது, பிழைப்பு கூடவே போகவில்லை. மனைவி ரத்னாவுக்குக் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் ஆயா வேலை. புகழேந்தி வாடகைக்கு ஓட்டும் வெள்ளை டிசையர் காருக்கு வாடிக்கையெல்லாம் தி. நகரிலும் அடையாறிலும். அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புவது வழக்கமாகிவிட்டது.

ஒரு தை மாதக் காலை. வழியில் இருக்கும் சதுப்பு நிலத்தின் மேல் பனி இறங்கி, குப்பைமேட்டுப் புகையும் அதோடு சேர்ந்து சாலையை மூடியிருந்தது. தெருவிளக்குகளில் பாதி எரியவில்லை. திடீரென்று முன்கண்ணாடி முழுக்க ஓர் எருமையின் முதுகு. பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு சாண் தள்ளி நின்றது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்தான் அது சாலையைக் கடக்கும்வரை வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மதியமே மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக்குப் போனார். கார் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. அதில் ஒரு சின்னக் கடையை மஹ்விஷ் என்ற பெண் நடத்தி வந்தாள்.

"அண்ணா, ஃபாக் லேம்ப் ரெண்டு போட்டுக்கங்க. பம்பர்ல கம்பெனியே எடம் விட்டிருக்கான். மஞ்ச லைட்டு, கீழ அடிக்கும், பனியில நல்லா தெரியும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இதுக்கு மேல போட்டாத்தான் பிடிப்பாங்க."

"இதுக்கு மேல எதுக்கும்மா? இதுவே போதும்."

ஒரு வருஷம் அது போதுமாகத்தான் இருந்தது. பனிக்காலத்தில் சாலையோரக் கோடு தெரிந்தது, நாய் தெரிந்தது, எருமைகள் தூரத்திலேயே தெரிந்தன. புகழேந்தி அந்த இரண்டு விளக்குகளையும் வாரத்துக்கு ஒருமுறை துணியால் துடைத்து வைப்பார்.

இரண்டாம் வருஷம் மறுபடியும் மஹ்விஷின் கடையில் வந்து நின்றார்.

"எதிர்ல வர்றவன் எல்லாம் வெள்ளை எல்.ஈ.டி. போட்டுக்கினு ஃபுல் பீம்ல வர்றான்மா. நம்ம வெளிச்சம் ரோட்லயே வுழ மாட்டேங்குது. தாண்டிப் போனப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியல."

"அவன் போட்டான்னு நீங்க போடுவீங்க. உங்களைப் பாத்து இன்னொருத்தன் வருவான். எனக்கு வியாபாரம்தான்," என்று சொல்லிக்கொண்டே மஹ்விஷ் இரண்டு வெள்ளை விளக்குகளை எடுத்து வைத்தாள். "ஆனா இது காட்டு ரோட்டுக்கு உண்டானது. சிட்டியில போடக் கூடாது. பில்லுல எழுதியிருக்கு, படிச்சுக்கங்க."

பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்துச் சண்டை போடவே வந்தார். "இதுல பவரே இல்ல. டூப்ளிகேட்டா குட்த்தே?"

மஹ்விஷ் கடையில் இருந்த அதே மாதிரி விளக்கு ஒன்றை எடுத்து, பேட்டரியில் வயரைத் தொட்டு, தெருப்பக்கம் திருப்பினாள். பட்டப்பகல். எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தவர் கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு கத்தினார்.

"இது பத்தலைன்னா என்கிட்ட வேற இல்லண்ணா," என்றவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "கண்ணு செக் பண்ணீங்களா?"

"கண்ணு நல்லாத்தான் கீது. நீ இன்னும் ரெண்டு போடு."

ஆக மொத்தம் ஆறு விளக்குகள். வீட்டில் ரத்னாவும் அவற்றைப் பார்த்தாள். ஆறு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுவார், மீதி நாள் வேண்டாமென்று விட்டுவிடுவார். கரண்ட் போனால் மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவதையும், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் செம்பைக் கையால் தேடுவதையும் அவள் கவனித்திருந்தாள். ஒருமுறை கேட்டாள். "சும்மா கெட" என்று பதில் வந்தது. வண்டி நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். அதனால் இரண்டாம் முறை கேட்கவில்லை. அது தன் தப்புதான் என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழு மணி, மழை விட்ட நேரம். அடையாறில் ஒரு சிக்னலை நெருங்கும்போது ஆறு விளக்கையும் போட்டிருந்தார். ஈரச் சாலை பளபளத்ததில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஸ்கூட்டர் ஒன்று தடுமாறி நடுத்திட்டில் ஏறிச் சாய்ந்தது. ஓட்டி வந்த பெண் எழுந்துவிட்டாள், முழங்கை மட்டும் உரிந்திருந்தது. காலடியில் வைத்திருந்த பை கிழிந்து வெங்காயம் சாலையெங்கும் உருண்டது.

அவள் நேராக அவருடைய ஜன்னலுக்கு வந்தாள். "ஏங்க, உங்க லைட்டால எனக்கு ரோடே தெரியலைங்க. கண்ணு அப்படியே இருட்டிப் போச்சு. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?"

புகழேந்தி இறங்கி வெங்காயம் பொறுக்கக் குனிந்தார். விளக்கு வெளிச்சத்தில் கிடந்தவை கைக்குக் கிடைத்தன. ஓரத்து நிழலில் கிடந்தவை அவர் கண்ணில் படவே இல்லை. அவற்றை அந்தப் பெண்ணே பொறுக்கினாள்.

சிக்னலில் நின்றிருந்த போக்குவரத்து சிறப்பு உதவி ஆய்வாளர் தங்கம் நடந்து வந்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அன்று மத்தியானத்திலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் பூட்ஸுக்குள் கால் வீங்கியிருந்தது. வண்டியின் முன்னால் போய் நின்று விரல் நீட்டி எண்ணினார்.

"ஆறு. இன்னாயா இது, கல்யாண ஊர்வலமா?"

"மேடம், நான் பெரும்பாக்கம் போவணும். அந்தப் பக்கம் லைட்டே கெடையாது."

"பம்பருக்குள்ள இருக்குற மஞ்ச லைட்டு ரெண்டும் இருக்கட்டும், அது தப்பில்ல. மத்த நாலும் இப்பவே கழட்டு."

"மேடம், அது இல்லாம..."

"எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்குப்பா. டூருக்குப் போனேன்றான், மச்சான் மாட்டினான்றான். நான் தெனம் அஞ்சு மணிநேரம் இந்த வெளிச்சத்துக்கு எதிர்ல நிக்கிறேன். வீட்டுக்குப் போயி கண்ணை மூடினாக்கூட வெள்ளையாத் தெரியுது. நான் யார்கிட்ட போய்ச் சொல்லட்டும்?" அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "பக்கத்துல மெக்கானிக் கடை இருக்கு. கழட்டிட்டு வந்து காட்டிட்டுப் போ."

மெக்கானிக் நான்கையும் கழற்றி, வயரை வெட்டி டேப் சுற்றினான். அபராத ரசீதை வாங்கிக்கொண்டு புகழேந்தி ஒரு பேருந்தின் பின்னாலேயே ஊர்ந்து வீடு போய்ச் சேர்ந்தார். ரத்னாவிடம் எதுவும் சொல்லாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. திங்களும் வியாழனும் அவருக்கு மாறாத சவாரி ஒன்று உண்டு. முத்துகிருஷ்ணன் என்ற அறுபத்தாறு வயதுக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் மேலாளராக இருந்தவர். மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். சிறுநீரகம் இரண்டும் போய், அடையாறில் ஒரு மையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். விடிகாலை ஐந்தரை மணிக்கு மெஷினில் ஏறவேண்டும். புகழேந்தி அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அண்ணாச்சி எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார்.

பெரும்பாக்கத்திலிருந்து முன்னால் போன பால் வேனின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே எப்படியோ தி. நகர் வந்துவிட்டார் புகழேந்தி. அண்ணாச்சி ஏறினார். நந்தனம், கோட்டூர்புரம் வரை தெருவிளக்குகள் இருந்தன. அடையாறுக்குள் நுழைந்ததும், எல்.பி. ரோட்டில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தகரத்தால் அடைத்து, தினம் ஒரு பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் தடுப்பு இரண்டடி நகர்ந்திருந்தது.

"எப்பா, நில்லு! நில்லுப்பா!"

அண்ணாச்சி ஸ்டியரிங்கையே பிடித்துவிட்டார். வண்டி தடுப்பில் முட்டித் தகரம் டமாரென்று அதிர்ந்து நின்றது. பம்பருக்கு வலப்பக்கம், ஒரு முழ தூரத்தில், கையில் துடைப்பத்தோடு ஒரு துப்புரவுப் பணியாளர் நின்றிருந்தார். அவர் போட்டிருந்த மேல்சட்டையின் பட்டைகள் பளிச்சென்று மின்னின. தலையை ஆட்டிக்கொண்டு தள்ளிப் போனார்.

"யாரு அது?" என்றார் புகழேந்தி.

அண்ணாச்சி அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குத் தெரியலையா?"

"லைட்ட கழட்டிட்டாங்க அண்ணாச்சி. நேத்து போலீஸ்ல. அதான்..."

"லைட்டு இல்லாமத்தான் நான் பாக்கேன். அந்தாளு சட்டை எனக்குத் தெரியுது. இந்தத் தகரத்துல என்ன எழுதியிருக்கு, படி."

புகழேந்தி படிக்க முயன்றார். வெள்ளையாக ஏதோ இருந்தது. அதைச் சுற்றிலும் ஒன்றுமில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கும். லைட்டு போட்டா சரியாப் பூடும்னு..." ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"சுகர் இருக்குல்லா ஒனக்கு?"

தலை மட்டும் அசைந்தது.

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. கால் வீங்குச்சு, நின்னு வேலை பாக்கதுனாலன்னு நெனைச்சேன். பெரிய செருப்பா வாங்கிப் போட்டேன்." அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "வண்டியை ஓரமா விடு. நான் வழி சொல்லுதேன், பையப் பைய எடு."

ஓரம் கட்டினார்கள். புகழேந்தி, "ஆட்டோ புடிச்சித் தர்றேன், நீங்க போங்க அண்ணாச்சி, டைம் ஆவுது" என்று கெஞ்சினார்.

"நான் போனா நீ திரும்ப இருட்டுல எடுத்துட்டுப் போயிருவ. விடியட்டும்."

இருவரும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணிக்குக் கொஞ்சம் வெளுத்த பிறகு புகழேந்தி மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். அடுத்த ஆள் காத்திருந்ததால், அன்று அண்ணாச்சிக்கு நான்கு மணிநேரத்துக்குப் பதில் மூன்று மணிநேரம்தான் கிடைத்தது. இரண்டு நாள் மூச்சு வாங்கி, தலையணையை உயர்த்திவைத்து உட்கார்ந்தபடியே தூங்கினார் என்பது வியாழக்கிழமைதான் புகழேந்திக்குத் தெரிந்தது. சொன்னது அண்ணாச்சி இல்லை, அவர் வீட்டில் சமைக்கும் அம்மா.

அந்தத் திங்கட்கிழமை இரவே புகழேந்தி ரத்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கண் மருத்துவமனைக்கு அவளும் கூட வந்தாள். டாக்டர் லாவண்யா சின்ன வயசுக்காரி. கண்ணில் மருந்து விட்டு, ஒரு மணிநேரம் உட்காரவைத்து, பிறகு இருட்டறையில் வெகுநேரம் பார்த்தாள்.

"சுகரால விழித்திரை கெட்டுப்போயிருக்கு. ரெண்டு கண்ணுலயும். லேசர் பண்ணலாம். இருக்கிற பார்வையைக் காப்பாத்தத்தான் அது. போனது வராது."

"பவர் லைட்டு போட்டா நல்லாத் தெரியுது டாக்டர்," என்றார் புகழேந்தி.

"நடுவுல கொஞ்சம் தெரியும். பக்கவாட்டுல தெரியாது, இருட்டுல தெரியாது. நீங்க எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் வாங்கிக்க உள்ள எடம் இல்லையே." அவள் எழுதுவதை நிறுத்தினாள். "டாக்ஸி ஓட்டறதை நிறுத்திடணும். பகல்லயும்தான். இதை நான் எழுதித் தரணும், தப்பா நெனைச்சுக்காதீங்க."

"இவரு வண்டி ஓட்டலன்னா நாங்க இன்னாம்மா பண்றது?" என்றாள் ரத்னா. டாக்டர் எழுதி முடித்த காகிதத்தை நீட்டினாள். வெளியே வந்து, நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ரத்னாதான் முதலில் எழுந்தாள். "வா, பஸ்ஸுல போலாம்," என்றாள்.

வண்டியை அதே குடியிருப்பில் நான்காவது மாடியில் இருக்கும் அறிவு என்ற பையன் இப்போது ஓட்டுகிறான். திங்களும் வியாழனும் அண்ணாச்சியை அவன்தான் கூட்டிப்போகிறான். முதல் மாதம் புகழேந்தியும் பின்சீட்டில் உட்கார்ந்து கூடப் போனார். வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறிவு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "மாமா, நீ வூட்லயே தூங்கு" என்றான். அதற்குப் பிறகு போகவில்லை.

அண்ணாச்சி சொல்லி, அவர் வேலை பார்த்த கடைக்கு அடுத்த கடையிலேயே புகழேந்திக்கு வேலை கிடைத்தது. வாசலில் உட்கார்ந்து, வருபவர்களின் பையை வாங்கிவைத்து டோக்கன் கொடுக்கும் வேலை. பகல் நேரம் மட்டும். டோக்கன் எண்கள் பெரிதாக இருப்பதால் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து நீளும் கைதான் தெரிவதில்லை. "எவ்ளோ நேரமா நீட்டிக்கினு நிக்கிறேன், பாக்க மாட்டியா?" என்று தினம் யாராவது எரிந்து விழுவார்கள். முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது, "நேரா வாங்கம்மா" என்பதோடு சரி.

லேசர் மூன்று முறை ஆகிவிட்டது. மாத்திரையை ரத்னாவே உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்கிறாள். பொழுது சாய்வதற்கு முன்பே கடையில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். சைதாப்பேட்டையில் பஸ் மாறும்போது ரத்னா அவருக்காகக் காத்திருப்பாள். உட்கார இடம் கிடைத்தால் இருவருமே தூங்கிவிடுவார்கள். பெரும்பாக்கம் வந்ததும் கண்டக்டர் கம்பியில் தட்டி எழுப்புவார்.