ரெலிபோன் பலகையை விட்டு நூலகத்துக்கு

தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் தொலைபேசி இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. நான் ரெலிபோன் ஒப்பரேற்றர். காலையில் போய்க் கையெழுத்து வைப்பேன். அழைப்பே வராத இணைப்புப் பலகைக்கு முன்னால் பின்னேரம்வரை இருந்துவிட்டு வருவேன். சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஆனால் நாள் போகப்போக எனக்கு என்மீதே எரிச்சல் வந்தது.

சுன்னாகம் பக்கத்தில் ஒரு சின்னப் பொது நூலகத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். அங்கிருந்த நூலகர் வெளிநாடு போய்விட்டார். கதவு பூட்டிக் கிடந்தது. விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் கணவர் சைக்கிள் துடைப்பதை நிறுத்தினார்.

"சும்மா இருக்கச் சம்பளம் வருது. அதை விட்டிட்டு, குறைஞ்ச சம்பளத்துக்கு அங்கை போய் என்ன செய்யப்போறீர்? சனம் மண்ணெண்ணெய்க்கு அலையுது. ஆர் புத்தகம் வாசிக்க வரப்போகினம்?"

"சும்மா இருக்கத்தான் என்னாலை ஏலாமல் கிடக்கு," என்றேன்.

நேர்முகப் பரீட்சையில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். "பிள்ளை, ரெலிபோனுக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

"கேக்கிற ஆளுக்கு என்ன வேணுமெண்டு விளங்கிக்கொண்டு, சரியான இடத்திலை இணைச்சு விடுறதுதான் ஐயா என்ரை வேலை. இஞ்சையும் அதுதானே?"

அவர் சிரித்துவிட்டார். நூலகவியல் படித்துத் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் கொக்குவிலில் நடந்த நூலகவியல் வகுப்புக்குச் சைக்கிளில் போய், என் மகளின் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பறை வாங்கில் அமர்ந்து படித்தேன். பரீட்சையில் திறமைச் சித்தியோடு தேறினேன்.

கொழும்பிலிருந்து புதுப் புத்தகம் வர வழியில்லை. வெளிநாடு போனவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த உறவினர்களிடம் போய், "கறையான் தின்ன முதல் எங்களுக்குத் தாங்கோ," என்று கேட்டேன். சைக்கிள் கரியரில் சாக்குச் சாக்காக வந்து சேர்ந்தன. கரண்ட் இல்லாததால் மேசைகளை யன்னலோரம் இழுத்துப் போட்டேன். கொஞ்சக் காலத்தில் உயர்தர மாணவர்கள் கதவு திறக்க முன்னமே வாசலில் வந்து நின்றார்கள். அந்தச் சைக்கிள் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

காங்கேசன்துறைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணும் ஒவ்வொரு நாளும் வருவாள். தையற்காரி. மெசினை வீட்டோடு விட்டுவிட்டு ஓடி வந்தவள். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, என்னைப்போல ஆக்களும் இந்த வேலைக்கு வரலாமோ? இடம் கிடைக்குமோ?"

"சம்பளம் பெரிசில்லைப் பிள்ளை, அதை முதலே சொல்லிப்போட்டன். ஆனா ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வாசிகசாலையள் கனக்க இருக்கு. படிச்ச ஆள் கிடைச்சால் விடமாட்டினம்."

அவள் அதே வகுப்பில் சேர்ந்தாள். பின்னேரங்களில் என் நூலகத்திலேயே பழகினாள். தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு நூலகத்தில் அவளுக்கு நியமனம் கிடைத்தது.

முதல் கிழமையே கணவரும் நானும் பார்க்கப் போனோம். அவள் கதிரையை விட்டெழும்பி என்னிடம் வரப் பார்த்தாள். அதற்குள் ஒரு பெரியவர் பயிர் நோய் பற்றி ஏதும் புத்தகம் இருக்கோ என்று கேட்டார். "பொறுங்கோ அக்கா, வாறன்," என்று எனக்குச் சொல்லிவிட்டு, நேரே போய் விவசாயப் புத்தகத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பெரியவர் எங்களைப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்று விசாரித்தார்.

நான் வாய் திறக்க முன்னம் கணவர் சொன்னார்: "இவ சுன்னாகத்திலை நூலகர். இந்தப் பிள்ளையைப் பழக்கினது இவதான்."