நான் சொல்லாமல் விட்ட ஒரு படி

போன வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் பொம்மை யூனிட்டில் அச்சுகள் எதுவும் காயவில்லை. ஈர அச்சில் களிமண் கூழை ஊற்ற முடியாது. அதனால் நாலு நாள் வீட்டிலேயே கிடந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். அச்சு செய்யும் வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதைப் பேசாமல் செய்யலாம் என்பதுதான். குவைத்திலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், தன் பிள்ளைகள் விளையாடி ஓய்ந்த பழைய கேம் மெஷின் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். டப்பா போல மடக்கித் திறப்பது, இரண்டு திரை உள்ளது. கம்பெனி விற்கும் விளையாட்டு மட்டும்தான் அதில் ஓடும். ஆனால் அந்தப் பூட்டைத் திறந்து, தாங்களே எழுதிய சின்னச் சின்ன விளையாட்டுகளைப் போட்டு, இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். தமிழ் ஆட்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் சேலத்தில் தறி ஓட்டும் ஒருவர், தமிழ் எழுத்திலேயே ஒரு ரயில் விளையாட்டு எழுதிப் போட்டிருந்தார்.

அதை விளையாடத்தான் என் மெஷினைத் திறந்தேன். வழிமுறை எல்லாம் இங்கிலீஷ். படங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் முடித்தேன். நடுவில் ஒரு பக்கம் மட்டும் படமே இல்லாமல் வெறும் எழுத்தாக இருந்தது. ஒரு மணி நேரம் ஆகும் என்பது மட்டும் புரிந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். கூச்சம். தாண்டிப் போனேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்த மழை நாளில் குழுவில் ஒரு பெண் தமிழில் எழுதியிருந்தார். சேத்தியாத்தோப்புக்காரர். "இதே மெஷின் என்கிட்டயும் இருக்குது. எப்புடி தெறக்குறதுன்னு தமிழ்ல சொல்வீங்களா?" எல்லோரும் இங்கிலீஷ் லிங்க்கையே அனுப்பினார்கள். எனக்கு என்னையே பார்ப்பது போல இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, படிப்படியாகப் பன்னிரண்டு குரல் துண்டாகக் குழுவில் பேசி அனுப்பினேன்.

"வூட்டுல கேட்டதுக்கு பதில் சொல்லாத ஆளு, யார்கிட்ட இவ்ளோ நேரம் பேசுது?" என்றாள் என் மனைவி.

குழுவில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அன்று இரண்டு டம்ளர் டீ அதிகமாகக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து குழுவில் செய்தி வந்தது. "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். ரெண்டு தெரையும் கருப்பாயிடுச்சி."

"நகல் எடுத்து வெச்சிருக்கீங்கள்ல? அத திருப்பிப் போட்டா வந்துரும்" என்றார் சேலத்துக்காரர்.

"என்ன நகல்?"

நான் தாண்டிப்போன அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எதையும் தொடுவதற்கு முன்னால் மெஷினின் நினைவகம் முழுவதையும் நகல் எடுத்து வைக்க வேண்டும்.

அக்கா எதையோ தப்பாக அமுக்கியிருப்பார் என்று ஒருவர் எழுதினார். அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டார். "என் தப்பாத்தான் இருக்கும். அண்ணன் நல்லாத்தான் சொன்னாரு." பிறகு, ஏன் அதைத் திறக்கப் பார்த்தார் என்பதையும் எழுதினார். அவர் கணவர் சவூதியில் வேலை செய்தவர். லீவில் வந்தபோது அந்த மெஷினில் விளையாட்டாகத் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார். எட்டுப் பதிவுகள். பத்து நொடிக்கு மேல் அதில் பதியாது. திரும்பிப் போனவர் அங்கேயே இறந்துவிட்டார். பேட்டரி போவதற்குள் பூட்டைத் திறந்து அந்தக் குரலைப் போனுக்கு மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

நான் போனை அணைத்து வைத்தேன். என்னை யாரும் குறை சொல்லவில்லை. அப்படியே குழுவிலிருந்து விலகிவிடலாம் என்றும் நினைத்தேன்.

மறுநாள் வெயில் வந்தது, வேலைக்குப் போனேன். எங்கள் யூனிட்டில் மேல் பலகையில் தாய் அச்சுகள் இருக்கும். அவற்றில் யாரும் கூழ் ஊற்றக் கூடாது. அவற்றிலிருந்து எடுத்த நகலில்தான் ஊற்றுவோம். நகல் தேய்ந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். இருபது வருடமாக அதைச் செய்கிறவன் நான். அன்று அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சூளைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, போனில் பேசி அனுப்பினேன்.

"தப்பு தங்கச்சியோடது இல்லீங்க. நகல் எடுக்கணும்னு ஒரு படி இருந்துருக்கு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தாண்டிட்டேன். இவங்களுக்கும் சொல்லாம வுட்டுட்டேன்."

பிறகு சேலத்துக்காரர் போன் செய்தார். பயந்துகொண்டே எடுத்தேன்.

"அண்ணே, இதுல எறங்குனவன் எல்லாம் ஒரு மெஷினாவது சாவடிச்சிருக்கான். நான் மூணு. ஒன்னு எம் மச்சானுது, இன்னும் பேச மாட்டேங்கிறான். தங்கச்சியோட மெஷின் இனிமே எந்திரிக்காது. ஆனா குரலு உள்ள மெமரி சில்லுலதான் கெடக்கும். அத யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க, ஞாயித்துக்கெழம வரேன்."

சொன்னபடி சேலம் ரயிலில் வந்தார். அந்தப் பெண்ணும் மாமியாருடன் பஸ்ஸில் என் வீட்டுக்கு வந்தார். மெஷினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். நான் தலை நிமிரவில்லை.

"நீங்கதானா அண்ணே? குரல கேட்டு பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"மொதல்ல எம் புள்ள குரலு வருதான்னு பாருங்கப்பா" என்றார் மாமியார்.

தலைமுடி போன்ற கம்பிகளைச் சில்லுக்குப் பக்கத்தில் பற்றவைக்க வேண்டும். பொம்மைக்குக் கண் கீறுகிற கை நடுங்காது என்று சொல்லி, கம்பியை என்னைப் பிடிக்கச் சொன்னார் சேலத்துக்காரர். லேப்டாப்பில் இணைத்ததும் முதலில் நகல் எடுத்தார். சரியாக ஒரு மணி நேரம். நான் தாண்டிப்போன அதே ஒரு மணி நேரத்தை, என் மனைவியோடு சேர்த்து ஐந்து பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் பதிவு ஓடியது. "பாலு பொங்குது பாரு... நான் அப்பவே சொன்னேன்ல..." பின்னால் இந்தப் பெண்ணின் குரல்: "பக்கத்துல இருக்குற ஆளு எந்திரிச்சி அணைக்கிறது..." அத்தோடு நின்றது. அந்தப் பெண் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "இன்னொரு வாட்டி போடுப்பா" என்றார் மாமியார்.

ஏழு பதிவுகள் வந்தன. எட்டாவதில் வெறும் இரைச்சல். என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண் சொன்னார்: "அதுல ஒன்னும் இல்ல அண்ணே. தும்முவாரு, அவ்ளோதான். இருந்தாலும் அதையும் அனுப்பிடுங்க."

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பன்னிரண்டு துண்டுகளை அழித்துவிட்டுப் பதின்மூன்றாகப் பேசிப் போட்டிருக்கிறேன். முதல் துண்டே நகல் எடுப்பதுதான். புரியாத பக்கம் வந்தால், புரியவில்லை என்று குழுவில் கேட்டுவிடுகிறேன். கேட்கக் கூச்சம் வரும்போதெல்லாம் அந்த இரைச்சல் காதில் கேட்கிறது; அதில் இருந்தது வெறும் தும்மல்தான் என்று என்னை நம்ப வைக்க நினைத்த அந்தப் பெண்ணின் மனதும் நினைவுக்கு வருகிறது.