பதினெட்டுப் பேர் கைவைத்த ஸ்லைடு

வாசலில் பஸ் நுழையும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார் அபூ குதைபா. அரபு நகரமான ஸர்காவில் உள்ள பஸ் கம்பெனியின் பணிமனைக்கு அவர்தான் தலைமை மெக்கானிக். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இருபத்தேழு வருஷம் குழிக்குள் நின்று பஸ்ஸின் வயிற்றையே அண்ணாந்து பார்த்ததில் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பேச்சு குறைவு. பேசினாலும் திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு வியாழக்கிழமை இஞ்சினியர் நிதால் வந்து நின்றார். சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். பணிமனையை இழுத்து மூடிவிட்டு, வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை.

“ஞாயித்துக்கிழமை மீட்டிங் அண்ணே. முடிவெடுக்கப் போறாங்க. உங்க பக்கத்தச் சொல்ல பத்து நிமிஷம் தர்றாங்களாம். ஸ்லைடு போட்டுக் காட்டணும்.”

“வாயால சொன்னா ஆகாதா?”

“வாய்க்கு என்ன ஆதாரம்? லிங்க் அனுப்பிருக்கேன். போன்லயே திறக்கும். முடிஞ்சா பண்ணுங்க.” அந்த ‘முடிஞ்சா’வில் ஒரு சிரிப்பு இருந்தது.

அபூ குதைபா உட்பட பணிமனையில் பத்தொன்பது பேர். ஞாயிற்றுக்கிழமை தோற்றால் பத்தொன்பது வீட்டிலும் அடுப்பு யோசிக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு லிங்க்கைத் திறந்தார். கம்பெனிச் சின்னம் போட்ட வெற்று ஸ்லைடுகள். எங்கே தொடுவது என்று தெரியாமல், வண்டி நின்றுபோனால் செய்வதைத்தான் செய்தார்: எல்லாரையும் கூப்பிட்டார். லிங்க்கைப் பணிமனை வாட்ஸப் குழுவில் போட்டார்.

கால் மணி நேரத்தில் பதினெட்டுப் பேரும் உள்ளே புகுந்துவிட்டார்கள். ஸ்லைடு மேல் கலர் கலராகக் கட்டங்கள் ஓடின, ஒவ்வொன்றின் தலையிலும் அதைத் தொடுகிறவர் பெயர். ஒருவன் முதல் பக்கத்தில் தன் காரைப் போட்டான். ஒருவன் நிதாலின் படத்தைப் போட்டு அதற்குக் கழுதைக் காது வைத்தான். மஃமூன் என்பவன் எதையோ தடவப்போய், அபூ குதைபா பாடுபட்டு ஏற்றிய பிரேக் படங்கள் அத்தனையும் மாயமாகிவிட்டன.

“எவன்டா என் பிரேக்கத் தூக்கினது?” குழிக்குள்ளிருந்து வந்த சத்தம் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது.

ஸ்டோர் பொறுப்பாளர் உம்மு ஸனத் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். “கத்தாதீங்க அபூ குதைபா. பழசெல்லாம் உள்ளயே இருக்கும். இதோ, காலைல பத்து மணிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி.” ஓர் இடத்தைத் தொட்டார். படங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன.

அபூ குதைபா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மரை போன போல்ட் திரும்பி வந்ததை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அன்றைக்கே அந்த ஸ்லைடு மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது. கழுதைக் காதை மட்டும் தன் கையாலேயே எடுத்தார்.

வெள்ளி, சனி லீவிலும் வேலை நடந்தது. தேய்ந்த பிரேக் ஒரு படம், அதே பிரேக்கைப் புதுப்பித்த பிறகு இன்னொரு படம். வருஷ ஆரம்பத்தில் மாதம் நாற்பத்தொரு பஸ் வழியில் நின்றது, கடைசியில் ஆறுதான் நின்றது என்று ஒரு கோடு. உம்மு ஸனத் வேலைச் சீட்டுகளைப் பார்த்து எண்களைப் போட்டார். மஃமூன் பாவத்தைக் கழுவ, கோட்டுக்குச் சிவப்பு வர்ணம் பூசினான். படத்துக்குக் கீழே ‘முன்’, ‘பின்’ என்று எழுதலாமா என்று உம்மு ஸனத் கேட்டதற்கு அபூ குதைபா ஒத்துக்கொள்ளவில்லை. மாதப் பெயர்களையும் எடுக்கச் சொன்னார்.

“தேஞ்ச பிரேக்குக்குப் பேரு வேறயா? பாத்தாலே தெரியாது?”

ஞாயிறு காலை மேல்மாடி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கம்பெனித் தலைவர் அக்ரம் பே; ‘பே’ என்பது அங்கே ‘ஐயா’ மாதிரி ஒரு மரியாதைச் சொல். நிதால் தன் ஸ்லைடுகளைத் திரை முழுக்க விரித்துக் காட்டி முடித்தார். அபூ குதைபாவுக்கு அப்படி விரிக்கத் தெரியாது. ஓரத்துப் பட்டைகளும் பொத்தான்களுமாக அப்படியே திறந்து வைத்தார்.

“கடையத் திறந்தே போட்டுட்டாரு” என்றார் நிதால் பக்கத்தில் இருந்தவரிடம்.

பிரேக் படம் வந்தது. அக்ரம் பே வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“மொதல்ல பளபளன்னு இருக்கு. உன் கைக்கு வந்தப்புறம் தேஞ்சு போயிருக்கு. இதையா காட்ட வந்த?”

யாரோ சிரித்தார்கள். அபூ குதைபா பதறி அடுத்ததைத் தட்டினார். சிவப்புக் கோடு. பே விரலால் வலமிருந்து தடவிக்கொண்டே போனார். “இங்க ஆறு. அங்க நாப்பத்தொண்ணு. ஜெரஷ் மலை ரோட்டு ஏத்தம் மாதிரில்ல ஏறுது.”

அப்போதுதான் அபூ குதைபாவுக்கு உறைத்தது. கம்பெனி ஸ்லைடில் முதல் கட்டம் இடது பக்கம் இருந்தது. அதில் பழையதைப் போட்டார். வெள்ளைக்காரன் செய்த அச்சு, அவன் படிக்கிற வரிசை. பிறந்ததிலிருந்து அரபியை வலமிருந்து படிக்கிறவர்கள் முன்னால் அதைக் கொண்டுவந்து வைத்தால் வேறெப்படித் தெரியும்? பணிமனையில் எல்லாரும் பிரேக்கைத்தான் பார்த்தார்கள், பக்கத்தைப் பார்க்கவில்லை. எழுத வேண்டாம் என்று சொன்னவரும் அவரேதான்.

“முடிஞ்சுதா அண்ணே?” என்றார் நிதால்.

அபூ குதைபா போனை எடுத்து மேசை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். “உம்மு ஸனத், எல்லாரும் உள்ள இருக்கீங்களா?”

“காலைலேர்ந்து திறந்து வச்சுப் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்.”

“வரிசை தப்பு. எல்லாம் வலப்பக்கத்துலேர்ந்து தொடங்கணும். பேரும் எழுதுங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் ஒரு பச்சைக் கட்டம் எழும்பியது, தலையில் ‘உம்மு ஸனத்’. கோடு அப்படியே புரண்டு படுத்தது. இன்னொரு கட்டம் வந்து அதன் கீழே மாதப் பெயர்களை வலமிருந்து ஒவ்வொன்றாக எழுதியது. நாற்பத்தொன்றில் புறப்பட்ட கோடு ஆறுக்கு இறங்கியது. அபூ குதைபா முந்தைய பக்கத்தைத் தட்டினார். அங்கே தேய்ந்த பிரேக் வலது பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது, கீழே ‘முன்’ என்ற எழுத்தோடு.

அக்ரம் பே முன்னால் சாய்ந்தார். “யாருய்யா இது?”

“என் ஆளுங்க பே. கீழ, குழிக்குள்ள.”

“அப்படியா. என் வீட்டம்மா போன மாசம் ஜெரஷ் வழியா இர்பித் போனப்ப நம்ம பஸ் வழியில நின்னுச்சு. இருபத்தேழாம் நம்பர். ஏன்னு கேளு.”

கேட்கவே தேவைப்படவில்லை. திரையில் எழுத்து ஓடியது: ‘வண்டி 27. விசிறி பெல்ட் அறுந்தது. இருபத்திரண்டு நிமிடத்தில் மாற்றியது மஃமூன்.’ கூடவே ஒரு படம். பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“மாத்த இருபது நிமிஷம் போலத்தான் ஆச்சுன்னு அவளும் சொன்னா” என்றார் பே. நிதால் பக்கம் திரும்பினார். “இதையே உங்க வெளிக் கம்பெனிகிட்ட கேட்டா?”

“மெயில் போட்டா மூணு நாளைக்குள்ள பதில் வந்துரும் ஐயா.”

“மூணு நாள் அவள ஜெரஷ் ரோட்டுல உக்கார வைக்கவா?”

மற்ற நால்வரையும் ஒரு பார்வை பார்த்தார் பே. அவர்களும் தலையாட்டினார்கள். நிதால் எழுதிக் கொடுத்திருந்த யோசனைக் காகிதத்தைக் குறுக்கே கிழித்தார். “பணிமனைய மூடுற பேச்சு இத்தோட விட்டாச்சு. இனி மாசாமாசம் இவங்கதான் இங்க வந்து காட்டணும்.”

போனுக்குள்ளிருந்து பதினெட்டுப் பேரின் கூச்சல் வெடித்தது. யாரோ ஸ்பேனரால் தகரத்தில் அடித்தார்கள். திரையில் ஒரு மஞ்சள் கட்டம் அவசரமாக எழுதியது: ‘தேநீர் கொதிக்குது, சீக்கிரம் இறங்குங்க.’

அபூ குதைபா கழுத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு எழுந்தார். வாசலில் அக்ரம் பே அவர் தோளைத் தட்டினார்.

“எனக்கும் அந்த லிங்க்க அனுப்பு.”

“அனுப்புறேன் பே. ஆனா பாக்க மட்டுந்தான். கைவைக்க எங்க பத்தொன்பது பேரு போதும்.”